வாசலில் நிற்கிறவர்கள்

வாங்க தம்பி, வாங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. இந்த நாற்காலிய மட்டும் கேக்காதிய, இது நகராது. வாசல மறிச்சுக்கிட்டு இருக்கானே இந்தக் கெழவன்னு பாக்கியளா? ஊரே அதத்தான் சொல்லுது. ஊர் வாய மூட உலைமூடி உண்டா, சொல்லிட்டுப் போகட்டும். இங்கன இருந்து பாத்தாத்தான் பஸ் ஸ்டாப் நேரா தெரியும். அந்தா, வாகை மரத்தடியில. ஒரு சாண் தள்ளிப் போட்டாலும் டிரான்ஸ்பார்மர் மறைச்சிரும். என் மவன் கொம்பையா வெளிநாட்டுல இருக்கான். பஸ்ஸ விட்டு இறங்குனான்னா முதல்ல நான் பாக்கணும். வீட்டுக்குள்ள போறவங்க பின்வாசல் வழியா போகட்டும். என் பொண்டாட்டியும் அப்படித்தான் போறா, வாறா.

நீங்க யாருன்னு சொல்லவே வேண்டாம். மொட்டையும் அந்த மூக்கும் போதும். மேலப்பண்ணை மூக்கு. உங்க தாத்தாவுக்கும் இதே மூக்கு, உங்க அப்பாவுக்கும் இதே மூக்கு. அப்பா தவறிட்டாவன்னு கேள்விப்பட்டேன். துட்டிக்கு வந்திருக்கணும். முட்டி விடல. அதோட இந்த நாற்காலிய விட்டுட்டு வந்தா இங்கன யாரு பாக்க?

தெரியும் தம்பி, எதுக்கு வந்திருக்கியன்னு தெரியும். பதினாறாம் நாளுக்கு என் பொண்டாட்டி சொர்ணத்தாய் வந்து பேர் பாடணும், அப்பா பேர வரிசையில ஏத்தணும். அதான? அது நடக்காது. உங்க மேல ஒண்ணும் இல்ல. அவ எந்த வீட்டுக்கும் போறது இல்ல. நீங்க பெங்களூர்ல வளந்த பிள்ளை, விவரம் தெரியாது. அவகிட்ட ஒரு பாட்டு முடியாமக் கெடக்கு. ஒரு வீட்டுப் பாட்ட முடிக்காம இன்னொரு வீட்டு வாசல்ல வாய் தொறக்கப்பிடாது. அதான் எங்க முறை.

என்ன பாட்டா? சொல்லுதேன். பஸ் வர நேரம் கெடக்கு. முதல்ல எங்க தொழிலச் சொல்லுதேன், அப்பத்தான் விளங்கும்.

நாங்க பேர்ப்பாட்டுக்காரங்க. ஒரு வீட்டுல யாராவது போய்ச் சேந்துட்டா, பதினாறாம் நாள் பொழுது சாயுற நேரம், எங்க ஆளு தெருவுல நின்னு அந்த வாசலப் பாத்துப் பாடணும். அந்த வீட்டுல முதமுதல்ல அடுப்பு மூட்டுன ஆளுல இருந்து இப்பப் போன ஆளு வரைக்கும் பேர் சொல்லணும். வெறும் பேர் இல்ல, ஆளுக்கு ஒரு அடையாளம் உண்டு. கிணறு வெட்டுன இன்னாரு, மழையக் கூப்பிட்ட இன்னாருன்னு. நல்லதும் வரும், கெட்டதும் வரும். உங்க பூட்டன் ஒருத்தரு 'கோவத்துல தோப்ப வித்த'ன்னுதான் வருவாரு, கோவிச்சுக்கிடாதிய. எல்லாரையும் பாடி முடிச்சு, கடைசியில உசிரோட இருக்கிற வீட்டுத் தலைவன் பேரச் சொல்லி, 'இருக்கியா?'ன்னு கூப்பிடணும். அவரு உள்ள இருந்து 'இருக்கேன் தாயி'ன்னு சொல்லணும். ஆம்பள பாடினா 'இருக்கேன் அய்யா.' அந்தப் பதில் வந்தாத்தான் பாட்டு முடியும். அதுவரைக்கும் போனவங்க எல்லாரும் வாசல்லயே நிப்பாவ. பதில் கேட்டாத்தான் உள்ள வந்து விளக்கடியில உக்காருவாவ. பதில் வரலன்னா மறுபடி முதப் பேருல இருந்து.

அந்தப் பாட்டுல என் பொண்டாட்டிய மிஞ்ச ஆளு கிடையாது. நான் சொல்லுதேன்னு இல்ல, யாரை வேணும்னாலும் கேளுங்க. அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல, அது வேற. பாட்டுன்னா பாட்டு.

அவ அய்யா பூதத்தான் பெரிய பாட்டுக்காரரு. ஆம்பளப் பிள்ளை கிடையாது. தொண்டையில கட்டி வந்து குரல் போச்சு. அந்த நேரம் பாத்து உங்க வீட்டுல உங்க தாத்தாவப் பெத்த அம்மா தவறிட்டாவ. யாரு பாட? இவ பாவாடை தாவணியோட போய் வாசல்ல நின்னுட்டா. நம்ம ஊரு ஆம்பளைங்க விடுவாவளா? பொட்டப்பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டு, பண்ணையாரு பதில் சொல்லவான்னு ஒரே சலசலப்பு. இவ அதக் காதுலயே வாங்கல, பாடிட்டே போறா. கடைசியில உங்க தாத்தா பேரக் கூப்பிட்டா. சத்தமே இல்ல. மறுபடியும் முதப் பேருல இருந்து பாடுனா. அப்பவும் சத்தமில்ல. இன்னொரு தடவை தொடங்குனா. பாதியில நிறுத்தச் சொன்னதுக்கும் நிறுத்தல. அந்தத் தடவைதான் உள்ள இருந்து குரல் வந்துச்சு. 'இருக்கேன் தாயி'ன்னாரு உங்க தாத்தா. அழுதுக்கிட்டே சொன்னாராம். தன்ன விடச் சின்னப் பிள்ளையத் தாயின்னு கூப்பிட்டுட்டாரு. அதுக்குப் பொறவு எவன் வாயத் தொறப்பான்?

பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிற குணம் அவளுக்கு அன்னைக்கே இருந்திருக்கு பாத்தியளா. எனக்குத்தான் லேட்டாப் புரிஞ்சுது.

நான் வீட்டோட மாப்பிள்ளையா வந்தவன். நல்லபெருமாள்னு பேரு. எனக்குக் குரல் கிடையாது, கழுதை கூட கனைக்கிறதுல என்னை விட மேல். ஆனா ஞாபகம் உண்டு. ஒரு தடவை கேட்ட பேரு போகாது. அதனால மாமனார் என்னைப் பின்பாட்டுக்கு வச்சாரு. உடுக்கு அடிக்கணும், எடுத்துக் குடுக்கணும். எடுத்துக் குடுக்கதுன்னா, பாடுற ஆளு ஒரு பேர மறந்து நின்னுட்டா, மூச்சு விடுற நேரத்துக்குள்ள பின்னால நிக்கவன் அந்தப் பேர எடுத்துக் குடுத்திரணும். அடையாளத்தோட. அது யோசிச்சுச் செய்யுற வேலை இல்ல தம்பி. யோசிச்சா நேரம் போயிரும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வாய் சொல்லணும்.

அவ மறந்தது ஒரே ஒரு தடவை. கொம்பையா வயித்துல இருந்தான். உங்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல பாடுதா. வெயில்ல நின்னதோ என்னவோ, ஒரு சின்னப் பிள்ளை பேரு, அம்மை போட்டுப் போன பிள்ளை, அத விட்டுட்டு நிக்கா. 'மாம்பழம் கேட்ட மருதாயி'ன்னு நான் எடுத்துக் குடுத்தேன். வீட்டுக்கு வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. 'நீங்க குடுக்கலன்னா அந்தப் பிள்ளை தெருவுலயே நின்னிருக்கும்'னா. பாட்டுல பேர் வராதவங்க வாசலுக்குக் கூட வர முடியாதாம். எந்த வீடுன்னு தெரியாம தெருத்தெருவா அலைவாவளாம். இருட்டுல அந்தப் பிள்ளை என்ன செய்யும்னு கேட்டா. நான் சிரிச்சேன். மாசமா இருக்கிற பொம்பள, அப்படித்தான் பேசுவான்னு விட்டுட்டேன்.

பொறவு பாருங்க, அவள எங்க கொண்டு போய் வச்சேன்னு. நான்தான் தம்பி. வாசல்ல நின்னு பாடிக்கிட்டு இருந்தவள ரேடியோவுக்குக் கூட்டிட்டுப் போனது நான். டவுன் கேசட் கடைக்காரன் ரெண்டு துள்ளல் பாட்டுக் கேட்டான், அதுக்குச் சம்மதிக்க வச்சது நான். ஊரு ஊரா கோயில் கொடைக்குக் கொடை மேடை. மைக் செட்டு, வேன், போற இடத்துல சாப்பாடு, எல்லாம் நான். போஸ்டர்ல படம் போட்டாவ தம்பி, டவுன் பஸ் ஸ்டாண்டு முழுக்க என் பொண்டாட்டி மூஞ்சி. சினிமாவுல ஒரு பாட்டு. சிங்கப்பூர் போனோம். ஏரோப்பிளேன்ல அவ கண்ண மூடிக்கிட்டு, ஏறுனதுல இருந்து இறங்குற வரைக்கும் பேர் சொல்லிக்கிட்டே வந்தா. யாரு வீட்டுப் பேருன்னு கேட்டேன். 'நம்ம வீட்டுப் பேருதான், கீழ விழுந்தா யாரு சொல்லுவா'ன்னா.

அவளுக்கு மேடை பிடிக்கல. மேடையில யாரைப் பாத்துக் கூப்பிட, யாரு பதில் சொல்லுவான்னு கேப்பா. கை தட்டுதாவல்ல, அதான் பதில்னு நான் சொன்னேன். சரிதான? பொம்பளைக்கு என்ன தெரியும். பிள்ளைய விட்டுட்டு வாறமேன்னு ஒவ்வொரு தடவையும் வேன்ல ஏறும்போது ஒரு அழுகை. பக்கத்து வீட்டுல நல்லாத்தான் பாத்துக்கிட்டாவ. நான் சிங்கப்பூர்ல இருந்து சாவி குடுத்தா ஓடுற ஏரோப்பிளேன் வாங்கிட்டு வந்து குடுத்தேன். அந்த ஏரோப்பிளேனக் கட்டிக்கிட்டே தூங்குவான் கொம்பையா.

அவனுக்குக் குரல் வரல. என் தொண்டை. ஆனா கை ராசி. வெல்டிங் படிச்சான். உள்ளூருல ஒரு பட்டறை வைக்கேன்னான். நான்தான் வேண்டாம்னேன். ஏன் தம்பி, சிங்கப்பூர் பாத்த வீட்டுப் பிள்ளை இங்கன கேட்டும் கிராதியும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கவா? அவன் அம்மை குறுக்க விழுந்தா. அவனும் போக மாட்டேன்னு இழுத்தான். நான் விடல. ஏஜெண்டுகிட்ட நானே கூட்டிட்டுப் போனேன். வளைகுடாவுல, கடலுக்குள்ள எண்ணெய்க் கிணறு இருக்காமே, அதுக்குச் சாமான் கொண்டு போற படகுல வேலை. இந்த வாசல்ல வச்சு விபூதி பூசி விட்டது நான்தான். இந்தா இந்த இடத்துலதான் நின்னான். 'போயிட்டு வாறேம்பா'ன்னான். வாறேன்னு சொன்னான் தம்பி. அவன் சொன்னாச் சொன்னதுதான், எங்கிட்டப் பொய் சொன்னதே கிடையாது.

அந்தப் படகு புயல்ல கவுந்து போச்சு.

பதறாதிய. கேளுங்க. கொஞ்சப் பேரை மீட்டாவ. கொஞ்சப் பேரு உடம்பு கிடைச்சுது. கொம்பையா உடம்பு கிடைக்கல. கிடைக்கலன்னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க, படிச்சவரு. உடம்பு இல்லன்னா ஆளு இருக்கான்னுதான அர்த்தம்? எங்கேயோ கரை ஒதுங்கியிருப்பான். பாஷை தெரியாத ஊரா இருக்கும். இவன் ஆத்துல இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துன பிள்ளை. கரையில ரூம்ல கெடந்த அவன் பெட்டிய கம்பெனிக்காரன் அனுப்பி வச்சான். ரெண்டு சட்டை, ஷேவிங் சாமான், அந்தப் பொம்மை ஏரோப்பிளேன். அம்புட்டுத் தூரம் கொண்டு போயிருக்கான் பாருங்க. பெட்டி முன்னால வருதுன்னா ஆளு பின்னால வாறான்னு அர்த்தம். நாங்க சிங்கப்பூர்ல இருந்து வரும்போதும் அப்படித்தான், உடுக்குப் பெட்டி முன்னால வந்துச்சு, நாங்க பின்னால வந்தோம்.

அவன் கூட வேலை பாத்த பையன் ஒருத்தன், அந்தோணின்னு கடக்கரைப் பிள்ளை, தப்பிச்சு வந்தவன், இங்கன வந்தான். நீங்க இருக்கிற அதே ஸ்டூல்லதான் உக்காந்தான். படகு சாயும்போது கொம்பையா கையில ஒரு கயிறு இருந்துச்சாம். அந்தோணிக்கு நீச்சல் தெரியாதாம். கயித்த இவன் இடுப்புல கட்டி விட்டுட்டு, 'பிடிச்சுக்க, நான் நீந்துவேன்'ன்னானாம். பொறவு ஒரு அலை வந்துச்சாம், ஆளக் காணலையாம். சொல்லிட்டு என் காலப் பிடிச்சுக்கிட்டு அழுதான். நான் அவன எந்திரிச்சுப் போகச் சொல்லிட்டேன். பாருங்க தம்பி, என் மூஞ்சியப் பாத்தே பேசல அவன். உண்மையச் சொல்லுறவன் மூஞ்சியப் பாத்துல்லா சொல்லுவான்? தரையப் பாத்துக்கிட்டே சொன்னான். அவளும் கதவு மறைவுல நின்னு அம்புட்டையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா.

அதுக்குப் பொறவுதான் அவ அந்தக் காரியத்தச் செஞ்சா.

பொழுது சாயுற நேரம். நான் இந்த நாற்காலியில இருக்கேன். அப்பமே இங்கன போட்டுட்டேன். அவ தலைக்குக் குளிச்சு, பின்வாசல் வழியா சுத்தி வந்து, தெருவுல நின்னா. கையில விளக்கு. ஏதோ கோயிலுக்குப் போறான்னு நினைச்சேன். வாயத் தொறந்து பாட ஆரம்பிச்சுட்டா. எங்க வீட்டுப் பேரு! எங்க வீட்டு வாசலப் பாத்து! தெரு கூடிட்டு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வரிசையா வாறா, அவ அய்யா பூதத்தான் பேரு வரைக்கும் வந்தாச்சு. அதோட நிறுத்திருவான்னு பாக்கேன். நிறுத்தல தம்பி. 'கயிறு குடுத்த கொம்பையா'ன்னா.

எப்படி இருக்கும் எனக்கு? உசிரோட இருக்கிற பிள்ளைய, பெத்த தாயி, போனவங்க வரிசையில ஏத்திட்டா. எங்க குலத்துல இதுவரைக்கும் யாரும் செய்யாத காரியம். இருக்கிற ஆள வரிசையில ஏத்துனா அந்த ஆளுக்கு ஆகாது, அது பச்சப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். அடையாளம் வேற வச்சுட்டா. கயிறு குடுத்தானாம். யாரு பாத்தா?

அந்தப் பேரப் பாடிட்டு, என் பேரச் சொல்லி, 'நல்லபெருமாள், இருக்கியா?'ன்னு கூப்பிட்டா. ஊருல எந்தப் பொம்பள புருசன் பேரச் சொல்லுவா? பாட்டுல சொல்லலாம், பாட்டுக்குத் தோஷமில்ல. என்னையே பாக்கா. பதில் சொல்லலாமா நான்? 'இருக்கேன்'ன்னு சொன்னா, அவ முன்னால சொன்னது அம்புட்டும் சரின்னு ஒத்துக்கிட்டதாயிரும். நான் வாயே தொறக்கல. அவ முதப் பேருல இருந்து திரும்பத் தொடங்குனா. தொண்டை கட்டுற வரைக்கும் பாடுனா. நான் அவ தலைக்கு மேல பஸ் ஸ்டாப்பப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

அன்னைக்குத் தொடங்குனது. தினமும் விளக்கு வைக்கிற நேரம் வந்து நிப்பா. ஒரு தடவை பாடுவா, கூப்பிடுவா, பதில் வராது, போயிருவா. மழையா இருந்தாலும் சரி, காய்ச்சலா இருந்தாலும் சரி. நான் இந்தா இந்த ரேடியோவ வச்சிருக்கேன். பூதத்தான் பேரு வந்ததும் சத்தத்தக் கூட்டிருவேன். அடுத்த பேரு எனக்குக் கேக்கப்பிடாது.

ஊருல எல்லாரும் வந்து எங்கிட்டத்தான் பேசுதாவ, ஒரு வார்த்தை சொல்லுன்னு. ஏன், அவகிட்டச் சொல்ல வேண்டியதுதான, அந்தப் பேர எடுன்னு? அவ தங்கச்சி மகன் ஒரு நாள் என் நாற்காலிக்குப் பின்னால ஒளிஞ்சிருந்து என் குரல்ல 'இருக்கேன்'ன்னான். அவ ஒரு பார்வை பாத்துட்டு முதல்ல இருந்து தொடங்கிட்டா. எங்குரல் அவளுக்குத் தெரியாதா? பெரிய சபாவுல கூப்பிட்டாவ, விருது குடுக்கேன்னாவ. போகல. பாட்டு முடியலையாம். இந்த ஜில்லா முழுக்க எத்தனை வீட்டுல ஆளு போயிட்டாவ, பேர் பாட ஆளில்ல. எல்லாம் ஒரு பொம்பள பிடிவாதம். கல்லுல நார் உரிக்கலாம், அவ மனச மாத்த முடியாது.

சோறா? சோறெல்லாம் நேரத்துக்கு வந்துரும். எங்கிட்டப் பேச மாட்டா, அந்தா கட்டிக் கெடக்கே ஒரு ஆடு, அதுக்கிட்டச் சொல்லுவா. 'சோறு ஆறுது, வந்து தின்னா என்ன'ன்னு அந்த ஆட்டுக்கிட்டச் சொல்லுவா. நானும் ஆட்டுக்கிட்டத்தான், 'உப்பு கூட'ன்னு சொல்லுவேன். இந்த வீட்டுல எல்லா விவரமும் தெரிஞ்சது அந்த ஆடு ஒண்ணுதான்.

நீங்க அழுவாதிய தம்பி. உங்க அப்பா நல்லபடியா வாழ்ந்து போனாவ. நீங்களே அவரு பேர ஏத்தணும்னு தேடி வந்திருக்கிய. மனசு இருக்கு உங்களுக்கு. போனவங்களப் போனவங்கன்னு ஒத்துக்கிடணும், அதுதான் அவங்களுக்குச் செய்யுற மரியாதை. சில பேரு ஒத்துக்கிட மாட்டாவ, பிணத்தக் கட்டிக்கிட்டு அழுவாவ, நான் எத்தனையோ வீட்டுல பாத்திருக்கேன்.

அந்தா பஸ்ஸு. இருங்க.

டீச்சரம்மா. முட்டைக்காரன். ம். அது வேற யாரோ, உயரம் பத்தாது. சரி, இது இல்ல. அடுத்த பஸ்ஸு இருக்கு.

விளக்கு வச்சுட்டா, வாறா பாருங்க. அந்த வேலிய ஒட்டி. நடை தளந்துட்டு அவளுக்கு. நீங்க எந்திரிக்க வேண்டாம், இருங்க. பாட்டு நேரத்துல அவ யாரையும் பாக்க மாட்டா. இன்னைக்கு ரேடியோ வேண்டாம், துட்டி வீட்டுப் பிள்ளை வந்திருக்கிய, மரியாதை இல்ல. நாம ஏதாவது பேசிக்கிட்டு இருப்போம், அந்த இடம் வரும்போது.

தொடங்கிட்டா. கேக்கியளா? இதுதான் முதப் பேரு. அடுப்பு மூட்டுன ஊய்க்காட்டான். இந்த வயசுல அந்தச் சுத்தம் பாருங்க. கேசட்டுல இதுல பாதி கூட இல்ல. இப்ப வருவாரு பாருங்க, பஞ்சத்துல பாடி ஊரு சேத்த மூக்காண்டி. அங்கன ஒரு மூச்சுப் பிடிப்பா. பிடிச்சாளா? பிடிச்சுட்டா! எத்தனை மேடையில பின்னால நின்னிருக்கேன், ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல என் மயிரு சிலுக்கும். வெளியச் சொன்னது இல்ல.

மாமனார் பேரு வருது. சொல்லுக்கு நின்ன பூதத்தான். உங்க பெங்களூருல இப்ப குளிரு எப்படி தம்பி? ராத்திரி கம்பளி வேணுமா? நான் ஒரு தடவை அங்கன

என்ன, நிறுத்திட்டா?

அடுத்தது சொல்லல. நிக்கா. இருமலா? இருமல் இல்ல. வாய் அசையுது, சத்தம் வரல.

விட்டுட்டா தம்பி! அந்தப் பேர விட்டுட்டா. இத்தனை காலம் கழிச்சு எடுத்துட்டா. எனக்குத் தெரியும், ஒரு நாள் அவளுக்குப் புத்தி வரும்னு தெரியும். பெத்த மனசுல்லா. இனி பூதத்தானுக்கு அடுத்து என் பேருதான். கூப்பிடுவா. நான் தாராளமா சொல்லலாம். சொன்னாப் பாட்டு முடிஞ்சுது. உங்க வீட்டுக்கும் வந்து பாடுவா. எல்லாருக்கும் நல்லது. கூப்பிடு தாயி, கூப்பிடு.

ஏன் கூப்பிடாம நிக்கா?

விளக்கு ஆடுது பாருங்க. இது வேணும்னு விட்டது இல்ல. தம்பி, இது மறதி. அந்த மூஞ்சி எனக்குத் தெரியும், மருதாயி பேர மறந்து நின்ன அன்னைக்கு இதே மூஞ்சிதான். அந்தப் பேரத் தேடுதா. அவ வாயில வரல. பெத்தவளுக்கு வரல.

அப்ப அவன் எங்க நிப்பான்?

வரிசையிலயும் இல்ல, பஸ்ஸுலயும் இல்ல. இருட்டப் போகுது. எந்த வீடுன்னு அவனுக்கு எப்படித்

கயிறு குடுத்த கொம்பையா!

கயிறு குடுத்த கொம்பையா, தாயி. கயிறு குடுத்த கொம்பையா.

நான்தான் சொன்னேனா? தம்பி, நானா சொன்னேன்?

பிடிச்சுக்கிட்டா. பாடுதா. எம்மவன் பேரப் பாடுதா. எம்புட்டு நல்லாப் பாடுதா. அய்யோ, இத நான் ஒரு நாள் கூட முழுசாக் கேக்கலையே. கொம்பையா. ஏ, கொம்பையா. உனக்கு நீந்தத் தெரியுமேல.

கூப்பிடுதா. என் பேரு. கேக்குது, கேக்குது எனக்கு. அந்தத் தண்ணிச் செம்ப எடுங்க. வேண்டாம். வேண்டாம், இருங்க.

இருக்கேன் தாயி.

இருக்கேன். நான் மட்டும் இருக்கேன்.

விளக்கக் கீழ வச்சுட்டா. இங்கன வாறா. முன்வாசலுக்கு வாறா தம்பி, சுத்திப் போகல. என்னமோ சொல்லுதா. ஆட்டுக்கிட்ட இல்ல, எங்கிட்ட. என்ன தாயி? என்ன?

நாற்காலி வழியில கெடக்காம்.

ஆமா. வழியிலதான் கெடக்கு. எம்புட்டுப் பேரு நிக்காவ வெளிய, அவனும் நிக்கான். கொஞ்சம் ஒரு கை பிடிங்க தம்பி, என்னால ஒத்தையில எந்திரிக்க முடியாது. இதத் தூக்கி அந்தச் சுவத்தோரமாப் போடுங்க. இன்னும் தள்ளி. டிரான்ஸ்பார்மர் மறைச்சா மறைக்கட்டும்.